பெருகியவை பிள்ளைகளா, மனைகளா?

படாளம் கூட்டுச் சாலையில் நின்று வடக்கே நோக்கினால், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடும் பெருஞ்சாலை தெரியும். சாலையிலே வண்டிகள் வெள்ளமென ஓடுகின்றன. ஆற்றிலே வெள்ளம் ஓடுவதோ ஆண்டில் சில நாட்கள்தாம். அதே இடத்திலிருந்து மேற்கே ஒரு சிறு சாலை பிரிகிறது. அது வேடந்தாங்கலுக்குப் போகிறது. ஒரு சாலை மக்கள் பெருகிய நகருக்கு. மற்றொன்று பறவைகள் பெருகும் ஏரிக்கு. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும் வேலையை நமக்குத் தந்தவர், மின்சார ரயிலில் எதிரே அமர்ந்திருந்த ஒரு பெரியவர்.

மழைக்காலம். செங்கற்பட்டிலிருந்து தாம்பரம் நோக்கிச் சென்ற வண்டி. ஊரப்பாக்கத்தை ஒட்டிப் புதிதாக எழுந்த வீடுகளின் வாசற்படி வரை நீர் நின்றது. பெரியவர் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினார்.

“பாருங்கள், தம்பி! எல்லாம் ஜனத்தொகை செய்கிற வேலை. இல்லாதவன் வீட்டிலேதான் எண்ணிக்கை இல்லாமல் பிள்ளை. பெற்றுப் போட்டுக்கொண்டே போனால் பூமி தாங்குமா?”

“தங்களுக்கு இந்தப் பக்கம்தானா, ஐயா?” என்றோம்.

“இல்லை, மாம்பலம். கூடுவாஞ்சேரியிலே இரண்டு மனை வாங்கிப் போட்டிருக்கிறேன். விலை ஏறட்டும் என்று சும்மா கிடக்கிறது.”

“பிள்ளைகள்?”

“ஒரே பையன். அமெரிக்காவிலே இருக்கிறான்.”

பெரியவரைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. நல்லவர்; இறங்கும்போது நம் தோளில் தட்டிவிட்டுத்தான் சென்றார். ஆனால் அவர் சொன்ன சொல் அவர் சொல் அன்று. அதற்கு வயது இருநூறுக்கு மேல். பிறந்த ஊர் இலண்டன். பிறந்த ஆண்டு 1798.

அந்த ஆண்டில்தான் தாமஸ் இராபர்ட் மால்தஸ் என்னும் பாதிரியார், மக்கட்பெருக்கம் பற்றிய தம் கட்டுரையைப் பெயர் போடாமல் வெளியிட்டார். மக்கள் 1, 2, 4, 8 என்று பெருக்கல் முறையிலே பெருகுவர். உணவோ 1, 2, 3, 4 என்று கூட்டல் முறையிலே வளரும். எனவே பஞ்சமும் நோயும் போரும் வந்து மிகுதியைக் கழித்தே தீரும் என்பது அவர் கணக்கு. ஏழைக்கு உதவினால் அவன் மேலும் பெறுவான், ஆகவே உதவி கேடு என்பது அக்கணக்கிலிருந்து கிடைத்த முடிவு. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி, தன் அலுவலர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய கல்லூரியில் அவரையே பேராசிரியராக அமர்த்தியது. 1834இல் மறையும் வரையில் அவர் அப்பணியில் இருந்தார். நம் நாட்டிற்கு வரி வாங்க வந்த துரைமார், கப்பலேறும் முன்னே அவரிடம் பாடம் கேட்டு வந்தனர்! இதை நினைவில் வைத்துக்கொள்க; பின்னால் வேண்டும்.

அதே 1798ஆம் ஆண்டில், நம் படாளத்திலிருந்து சில கல் தொலைவிலுள்ள வேடந்தாங்கலிலும் ஓர் எழுத்து எழுதப்பட்டது. மாட்சி மிக்க நூலன்று, வெறும் கவுல். வெள்ளைச் சிப்பாய்கள் ஏரியில் கூடு கட்டிய பறவைகளை வேட்டையாடினர். ஊரார் திரண்டு சென்று கலெக்டரிடம் முறையிட்டனர். கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைச் சுடலாகாது என்று தடுக்கும் உரிமை ஊராருக்கு உண்டென ஒப்பி எழுதிக் கொடுத்தார்.

உழவர் ஏன் பறவைக்காக வழக்காடினர்? கருணையா? கொஞ்சம் இருக்கலாம். பக்தியா? இல்லவே இல்லை. நாரையும் கொக்கும் நீர்க்காகமும் ஏரியின் நடுவே நிற்கும் கடப்ப மரங்களில் தங்குகின்றன. அவற்றின் எச்சம் நீரில் விழுகிறது. அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. பறவை பெருகினால் எரு பெருகும். எரு பெருகினால் நெல் பெருகும். இங்கிலாந்தில் அமர்ந்திருந்த அறிஞருக்கு, ஒவ்வொரு புது உயிரும் உண்ணும் ஒரு வாய். வேடந்தாங்கல் உழவனுக்கோ, வரும் உயிர் எடுப்பதும் உண்டு, கொடுப்பதும் உண்டு. எது எடுக்கிறது, எது கொடுக்கிறது, யார் கைக்குப் போகிறது என்று பார்த்துக் கணக்கிட்டான். அவன் கணக்கே அறிவியலுக்கு நெருக்கமானது என்பது நம் துணிபு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘அந்தக் காலத்தில் ஏரியெல்லாம் பொன்னாக இருந்தது, ஊரெல்லாம் ஒற்றுமையாக இருந்தது’ என்று பெருமூச்சு விடும் கூட்டத்தில் நம்மைச் சேர்த்துவிட வேண்டாம். செங்கற்பட்டு ஏரிகளின் மாவட்டம்; ஒன்றின் உபரி கலங்கல் வழியே அடுத்ததற்கு இறங்க, அதன் உபரி அதற்கும் அடுத்ததற்கு இறங்க, சங்கிலி போலக் கோத்த ஏரிகள். வியக்கத் தக்க வேலைதான். வெட்டியவன் யார், ஆண்டவன் யார்?

உத்தரமேரூருக்குச் செல்வோம். வயிரமேக தடாகம் என்னும் பெரிய ஏரி அவ்வூருக்குப் பல்லவர் காலத்திலேயே இருந்தது. முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் பற்றியும் குடவோலை பற்றியும் பேசுகின்றன. மேடைதோறும் நாம் முழங்கும் பெருமை அது! ஆனால் கல்வெட்டை முழுக்கப் படிக்க வேண்டும். குடத்தில் பெயர் இடப்படுவதற்குக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் அறிந்திருக்க வேண்டும். அகவை 35க்கு மேலும் 70க்குள்ளும் இருக்க வேண்டும். அதாவது, ஏரியில் இறங்கி வண்டல் அள்ளியவன் பெயர் அந்தக் குடத்தில் விழுந்ததே இல்லை. பெண் பெயரும் விழுந்ததில்லை.

மதுராந்தகத்திற்கு வாருங்கள். பெரிய ஏரி, மழைக்காலத்தில் கரை உடையும் அச்சம் ஆண்டுதோறும் இருந்தது. கரையைச் செப்பனிடச் செய்தவர் அதே பிளேஸ். ஒரு புயலிரவில், இராமனும் இலக்குவனும் வில்லேந்திக் கரையைக் காத்து நின்றதைக் கலெக்டர் கண்ணால் கண்டார் என்றொரு கதை கட்டினர். கோயிலுக்கு ‘ஏரி காத்த இராமர்’ என்று பெயரும் வைத்தனர். கரையில் கொட்டும் மழையில் மண் சுமந்து கொட்டிய கூலிக்காரன் எத்தனை பேரோ! அவர்களில் ஒருவன் பெயரிலாவது ஏரிக்கரையில் ஒரு கல் உண்டா? வில்லைப் பிடித்தவனுக்குக் கோயில். மண்வெட்டி பிடித்தவனுக்குச் சேரி!

‘குடிமராமத்து என்பது ஊரார் தாமாக முன்வந்து செய்த தொண்டு’ என்று எழுதுவோரும் உளர். தாமாகச் செய்ததாயின், 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றும் தேவை ஏன் வந்தது? கரை உடையும் காலத்தில் உழைக்க மறுப்பவனைத் தண்டிக்கும் சட்டம் அது. விளைச்சல் மிராசுதாருக்கு, உழைப்பு குடியானவனுக்கும் பண்ணையாளுக்கும்.

1891இல் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரமென்கீர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். நிலத்தை உழுவோருக்கு நிலம் இல்லை; குடியிருக்கும் குடிசையின் மண்கூட மிராசுதாரின் தயவில் இருந்தது; விண்ணப்பித்தாலும் தரிசு நிலம் கிடைக்காதபடி மிராசு உரிமை குறுக்கே நின்றது. இவற்றையெல்லாம் அவர் எடுத்துரைத்தார். 1892இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அவையே பஞ்சமி நிலங்கள். பிறருக்கு விற்கக் கூடாது என்ற கட்டோடு தரப்பட்டவை.

இப்போது கேளுங்கள்: அந்த நாளில் செங்கற்பட்டு மாவட்டம் முழுவதற்கும் மக்கள்தொகை எவ்வளவு? 1901இல் எண்ணியபோது 13 லட்சம். இன்றைக்கு ஒரு பெருநகரின் ஒரு மூலைக்குக் காணாத தொகை. நிலம் பரந்து கிடந்தது, ஏரிகள் நிறைந்து கிடந்தன, மக்கள் குறைவு. எனினும் பட்டினி இருந்தது. இந்த மாவட்டத்தாரும் வட ஆர்க்காட்டாரும் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போயினர். மக்கள் மிகுதியாலா பட்டினி? வாய் குறைவாயிருந்த காலத்திலும் வயிறு காய்ந்தது எதனால் என்பதற்கு மால்தஸ் கணக்கில் விடையில்லை.

விடை தேடுவோர் 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது ஆண்டுப் பஞ்சத்தைப் பார்க்கட்டும். மழை பொய்த்தது உண்மை. ஆனால் தானியம் ரயிலேறித் துறைமுகம் வந்து, அங்கிருந்து கப்பலேறியதும் உண்மை. வைசிராய் லிட்டன், விலையில் அரசு தலையிடலாகாது என்றார். இந்தியாவில் மக்கள் உணவைவிட வேகமாகப் பெருகுகின்றனர் என்றார். மால்தஸ் பாடம் மறக்கவில்லை! அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் நாள் முழுதும் மண் வெட்டும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அக்கூலியில் உயிர் நிற்காது என்று மாகாணத்துச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடிய பிறகே சிறிது உயர்த்தப்பட்டது. நாடு முழுதும் ஐம்பது லட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டனர் என்பர். 1871இல் இருந்ததைவிட 1881இல் சென்னை மாகாணத்து மக்கள்தொகை குறைந்தே போயிற்று.

மாமல்லபுரம் பக்கம் செல்லும் நம் இளைஞர்கள் கடற்கரைக்கு இணையாக ஓடும் பக்கிங்காம் கால்வாயைக் கண்டிருப்பர். அக்கால்வாயின் சென்னை நகர்ப் பகுதி, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி, அப்பஞ்சத்தில் பசித்த கைகள் வெட்டியது. பெயர் மட்டும் அன்றைய கவர்னர் பக்கிங்காம் கோமகனுடையது.

இனி, நம் இயக்கத்தைத் தொடும் பகுதிக்கு வருவோம். மால்தஸைப் பின்பற்றியவர்கள் கருத்தடையைப் பேசினர். பெரியாரும் கருத்தடையைப் பேசினார். இரண்டும் ஒன்றென்று எண்ணுவோர் நம்மிலும் உண்டு. ஒன்றன்று. நாட்டின் வறுமை தீர வேண்டும், சொத்து சிதறாதிருக்க வேண்டும் என்பதற்காக மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெண் விடுதலை பெற வேண்டும் என்பதற்காகவே கருத்தடை வேண்டும் என்று குடிஅரசில் எழுதியவர் பெரியார். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதைப் பெண் தீர்மானிக்க வேண்டும். அரசோ கணவனோ அன்று. இந்த வேறுபாட்டைச் சிறிதெனக் கருதுபவர், பின்னால் நடந்தவற்றை நோக்கினால் அதன் பெருமை விளங்கும்.

1951ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின் ஆணையர் கோபாலசாமி, நான்காவதும் அதற்கு மேலும் பெறும் பிள்ளைப்பேற்றைப் பொறுப்பற்ற தாய்மை என்னும் பொருள்படப் பெயரிட்டார். பெயரைக் கவனித்தீர்களா? பொறுப்பற்றவள் தாய்! நான்கு பெற்றால்தான் இரண்டு தங்கும் என்ற நிலையை வைத்தவர் பொறுப்பானவர்! 1952இல் இந்திய அரசு குடும்பநலத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், வடநாட்டில் ஏழைகளைப் பிடித்து இழுத்துச் சென்று அறுவை செய்தனர். ஓராண்டில் எண்பது லட்சத்துக்கு மேல்! அயல்நாட்டிலும் இதே குரல்தான். 1968இல் அமெரிக்க அறிஞர் பால் எர்லிக் மக்கள்தொகையை வெடிகுண்டு என்றெழுதிய நூல், தில்லித் தெருவில் மக்கள் நெரிசலைக் கண்டு அஞ்சிய ஓர் இரவில் தொடங்குகிறது. அக்காலத்தில் தில்லியில் இருந்தவர் முப்பது லட்சத்துக்கும் குறைவு. பாரீசுப் பெருநகரிலோ எண்பது லட்சம். பாரீசைக் கண்டு எவரும் அஞ்சவில்லை. தில்லியில் அவர் கண்டது மக்கள் மிகுதியையா, வறுமையையா?

தமிழ்நாட்டில் குழந்தை எண்ணிக்கை குறைந்த விதம் வேறு. நாம் பாடம் சொல்லும் வகுப்பில் ஒரு நாள் மாணவர்க்கு ஒரு வேலை கொடுத்தோம். ஆயாவுக்கு எத்தனை பிள்ளைகள், அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று வீட்டில் கேட்டு எழுதி வரச் சொன்னோம். மறுநாள் கரும்பலகையில் எழுதினோம். அம்மா வரிசையில் பெரும்பாலும் 2. சில இடங்களில் 1, சில இடங்களில் 3. ஆயா வரிசையில் 6, 7, 8. ஒரு மாணவி எழுந்து, “எங்க ஆயாவுக்கு எட்டு, ஐயா. அதிலே மூணு பேருக்குப் பேரே வைக்கலையாம்” என்றாள். வகுப்பு அமைதியாயிற்று. பெயர் வைக்கும் நாள் வரை தங்காத பிள்ளைகள்! மேற்கொண்டு பாடம் நடத்த நமக்கும் ஓடவில்லை.

1970ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேல் ஓராண்டு நிறையுமுன் மடிந்தன. 2020இல் அத்தொகை 13. பிறந்தது தங்கும் என்ற நம்பிக்கை வந்தால், ‘போனது போக மிஞ்சட்டும்’ என்று பெற வேண்டியதில்லை. 1929 பிப்ரவரியில் நம் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், பதினாறு வயதுக்குப் பின்னரே திருமணம் வேண்டும், மணவிலக்குரிமை வேண்டும் என்றெல்லாம் தீர்மானித்தபோது சிரித்தவர் பலர். பள்ளியில் மதிய உணவு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. எட்டாம் வகுப்புப் படித்த பெண்ணுக்குத் திருமண உதவி என்று 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திட்டம் வந்தது. படித்த பெண் பிந்தி மணந்தாள், குறைவாகப் பெற்றாள். ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 2019-21 கணக்கெடுப்பில் 1.8. இரு பெற்றோரின் இடத்தை இரு பிள்ளைகள் நிரப்புவதற்கும் குறைவு! மனமிருந்தால் ரயில் பெரியவர் இந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

மக்கள் பெருகவே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. 1951இல் தமிழ்நாட்டில் 3 கோடிப் பேர்; 2011இல் 7 கோடியே 21 லட்சம். சாவு முந்திக் குறைந்தது, பிறப்பு பிந்திக் குறைந்தது. இடையிலே பெருகிய தொகை அது. ஆனால் அதே கணக்கில் இன்னொரு பக்கத்தைப் புரட்டுங்கள். 2001இலிருந்து 2011க்குள் தமிழ்நாடு முழுதும் மக்கள் வளர்ந்தது நூற்றுக்கு 15.6. அன்று செங்கற்பட்டையும் உள்ளடக்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டம் வளர்ந்ததோ நூற்றுக்கு 39! மாநிலத்திலேயே முதலிடம். 28 லட்சத்து 77 ஆயிரம் என்பது 39 லட்சத்து 98 ஆயிரம் ஆயிற்று. செங்கற்பட்டுத் தாய்மார்கள் மட்டும் மற்றவர்களைவிட இரு மடங்கு பெற்றார்களா? வந்தவர்கள் பிறந்தவர்கள் அல்லர்; நகர்ந்தவர்கள். காவிரிப் பக்கம் நிலம் கைவிட்டவர், விழுப்புரத்துக் கூலிக்காரர், சென்னைக்குள் வாடகை கட்டமுடியாமல் புறநகருக்குத் தள்ளப்பட்டவர், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வந்த தோழர்கள்.

அவர்களை இழுத்தது யார்? 1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதலே நகரம் தெற்கே நடக்கத் தொடங்கிவிட்டது. மறைமலை நகர் எழுந்தது. மகிழுந்துத் தொழிற்சாலைகள் வந்தன. பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனங்கள் வரிசையாக நின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுமுறை மாளிகைகள் முளைத்தன. 1997இல் செங்கற்பட்டு மாவட்டம் இரண்டாயிற்று. 2019இல் மீண்டும் பிரிந்து செங்கற்பட்டுத் தனி மாவட்டமாயிற்று. 1,189 சதுரக் கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியை 5,904 ஆக விரிக்க 2022இல் ஆணை வந்தது. வேலை வேண்டும், தொழில் வேண்டும். அதை மறுப்பவர் நாமல்லர். சேரியிலிருந்து தப்ப நகரம் எத்தனை பேருக்கு வழியாயிருந்தது என்பதையும் அறிவோம். நம் தாத்தா ஊரை விட்டு ஓடிவராதிருந்தால் நாம் கல்லூரி வாசலை மிதித்திருக்க முடியாது.

கேள்வி, வந்தவர்களைக் குடியமர்த்தியது எங்கே என்பதுதான். மேட்டில் மனை விலை ஏறிற்று. மேட்டு மனையை வாங்கியவர்கள் பூட்டி வைத்தனர். ஏழையும் நடுத்தரத்தானும் ஏரி உள்வாயிலுக்கும் வரத்துக்கால் கரைக்கும் தள்ளப்பட்டனர். ஏரியின் உள்வாயிலில் தெரு போட்டவர்கள் எல்லாரும் குடிசைக்காரர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அரசாங்கக் கட்டடங்களும் உண்டு, கல்லூரிகளும் உண்டு, அடுக்குமாடிகளும் உண்டு. ஏறத்தாழ 5,000 எக்டேர் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இன்று 600 எக்டேரைச் சொச்சம்.

2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அவ்வளவு மழைக்கு எந்த ஊரும் தடுமாறும், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நீர் போக வழி எங்கே? ஏரிக்கு ஏரி இறங்கிய உபரிக் கால்கள் தெருக்களாகிவிட்டன. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட, அடையாறு கரை கடந்தது. முடிச்சூரும் வரதராசபுரமும் தீவுகளாயின. அந்த வெள்ளம் மனிதர் வரவழைத்த கேடு என்று இந்தியத் தணிக்கைத் தலைவரின் அறிக்கையே பின்னர் எழுதியது. நான்கே ஆண்டு கழித்து, 2019 கோடையில், சென்னைக்கு நீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து ரயில் பெட்டிகளில் குடிநீர் வந்தது. மூழ்குவதும் அதே நகரம். தவிப்பதும் அதே நகரம். நான்கு ஆண்டுக்குள் மக்கள் தொகையா கூடிக் குறைந்தது?

மாமல்லபுரத்தை அடுத்த நெம்மேலியில் 2013 முதல் கடல் நீரைக் குடிநீராக்குகிறார்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024இல் இரண்டாவது ஆலையும் வந்தது. மழைநீரைத் தேக்கிய ஏரியை மனையாக்கி விற்றுவிட்டு, மின்சாரத்தை எரித்து உப்பு நீரைப் பிழிகிறோம். பாலாற்றில் மேலே தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு; கீழே மணற் கொள்ளை. தோல் பதனிடுவோரின் கழிவுக்கு 1996இல் உச்ச நீதிமன்றமே கட்டளையிட வேண்டி வந்தது. பதனிட்ட தோலோ கப்பலேறி அயல்நாட்டார் காலுக்குச் சப்பாத்தாயிற்று. எடுத்தது யார், கொடுத்தது யார் என்று வேடந்தாங்கல் உழவனைப்போல் கணக்கிட்டால், ஆற்றை அழித்ததில் படாளத்துச் சேரியில் பிறந்த எட்டாவது பிள்ளையின் பங்கு எத்தனை?

பஞ்சமி நிலம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். விற்கக் கூடாத நிலம் கை மாறிற்று. நகரம் நெருங்க நெருங்க அதன் விலையும் ஏறிற்று. 1994 அக்டோபரில் மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் தம் பாட்டன் பெற்ற நிலத்தை மீட்க எழுந்த மக்கள் செங்கற்பட்டில் திரண்டபோது துப்பாக்கி வெடித்தது. இரு இளைஞர் மாண்டனர். 1891இல் திரமென்கீர் எழுதிய தாளும், அந்தத் தெருவில் விழுந்த குருதியும் ஒரே வழக்கின் இரு பக்கங்கள். மக்கள்தொகை என்று பேசி முடித்துவிட்டால் இந்த வழக்கைப் பற்றிப் பேச வேண்டியதில்லை பாருங்கள். அதுவே அப்பேச்சின் வசதி!

சென்ற தை மாதத்தில் மாணவர்களை அழைத்துக்கொண்டு வேடந்தாங்கல் சென்றோம். கரையில் ஒரு முதியவர் கூட்டைக் காட்டி விளக்கம் சொன்னார். தீபாவளிக்கு இவ்வூரில் வெடி வெடிப்பதில்லை என்றார். நரகாசுரன் கதையை ஒதுக்குவதற்கு நமக்குக் காரணம் ஒன்று, அவருக்குக் காரணம் வேறு. குஞ்சு பயந்து விழுந்துவிடுமாம். 2020இல் இந்தச் சரணாலயத்தின் சுற்றெல்லையை ஐந்து கிலோமீட்டரிலிருந்து மூன்றாகக் குறைக்க முன்மொழிவு எழுந்ததையும், எதிர்ப்பு எழுந்ததையும் சொன்னோம். 2022இல் உலகச் சதுப்பு நிலப் பட்டியலில் இவ்வேரி இடம் பெற்றதையும் சொன்னோம். பிள்ளைகளுக்கு நாரை மூக்கின் மேல்தான் கண்.

திரும்பும் வழியில், படாளத்திற்குச் சற்று முன்னே, வண்ணக் கொடிகள் கட்டிய வளைவு ஒன்று. அதில் ‘ஏரிக்கரை நகர், வாஸ்துப்படி அமைந்த மனைகள்’ என்று எழுதியிருந்தது. பிள்ளைகள் ஒரே குரலில் உரக்கப் படித்தனர். வரிசை வரிசையாக மஞ்சள் பூசிய எல்லைக் கற்கள், கற்களுக்கிடையே நாணல். பெயர் வைக்கப்படாத மூன்று பிள்ளைகளைப் பற்றிச் சொன்ன அந்த மாணவி எட்டிப் பார்த்துவிட்டு, “ஏரி எங்கே, ஐயா?” என்றாள்.

வரும் வாரம் கிராம நிர்வாக அலுவலகத்திற்குச் சென்று, அவ்விடத்தின் புல எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய ‘அ’ பதிவேட்டில் அது என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது எனப் பார்ப்பதாக இருக்கிறோம். பதினோரு மாணவர்கள் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கின்றனர்.